ஒற்றைச் செருப்புக்குச் சொந்தக்காரர் யார்?



இடைநிலைப்பள்ளிக்குப் போகும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளைச் சனிக்கிழமை தோறும் கோயில் மண்டபத்தில் கூட்டிவைத்து நடிப்புப் பயிற்சி செய்து வருகிறேன் என்று போன இதழில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குப் பக்கத்துப் பட்டணத்துத் தாயார் ஒருவரிடமிருந்து நான்கு பக்கக் கடிதம் வந்திருக்கிறது.

"என் மகன் மூன்றாம் படிவம் படிக்கிறான். கணக்கில் தடுமாறுகிறான். டியூஷனுக்கே நேரம் போதவில்லை. நீங்களோ நாடகம் போடச் சொல்கிறீர்கள். எங்கள் காலத்தில் நாடகம், நாடகம் என்று சுற்றியவர்கள் யாரும் உருப்பட்டதாகத் தெரியவில்லை, டீச்சர்" என்று எழுதியிருக்கிறார்.

எனக்குக் கோபம் வரவில்லை. என் அப்பாவும் இதையேதான் சொல்வார். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தோட்டத்துத் திருவிழாவில் அரிச்சந்திரன் நாடகம் நடக்கும். அரிச்சந்திரனாக வேடம் கட்டியவர் பகலில் பால் வெட்டுகிறவர். மயான காண்டம் முடிந்ததும் பைப்படிக்குப் போய், தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, முகத்து மாவையெல்லாம் கழுவிய பிறகுதான் வீட்டுக்குள் நுழைவார். "மயானத்தை வீட்டுக்குள்ளே கொண்டு போகக் கூடாதும்மா" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அதை நான் ஏன் மறக்கவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அம்மா, நாங்கள் மண்டபத்தில் நாடகம் போடவில்லை. வசனம் கிடையாது, மனப்பாடம் கிடையாது, திரை, பவுடர், ஒலிபெருக்கி எதுவும் கிடையாது. தலைமை தாங்க ஒரு பிரமுகரும் இல்லை. அவருக்குப் போர்த்தப் பொன்னாடையும் இல்லை. பார்க்க வருகிறவர் கூட ஒருவரும் இல்லை. பதினான்கு பிள்ளைகள், ஒரு நாற்காலி, ஒரு டீச்சர். அவ்வளவுதான்.

இதை ஏன் தொடங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் வாய் ஓயாமல் பேசிய பிள்ளைகள், பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்துக்கோ புகுமுக வகுப்புக்கோ போனதும் ஊமையாகிவிடுகிறார்கள். அங்கே பாடம் மலாய்மொழியில். வகுப்பில் முப்பது, முப்பத்தைந்து பேர். நம் பிள்ளை பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அப்படிப்பட்ட ஒரு பள்ளியின் ஆசிரியை ஒருவர் கல்யாண வீட்டில் என்னைப் பார்த்து, "உங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் தங்கமான பிள்ளைகள். சத்தமே போடமாட்டார்கள்" என்றார். நானும் பெருமையாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளை சத்தமே போடவில்லை என்றால் அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

முதல் சனிக்கிழமை ஒரு துணிப்பையில் ஒற்றைச் சிலிப்பரைப் போட்டு எடுத்துப் போனேன். பால்மரக் காட்டோரம் கிடந்தது. இடது கால். குதிகாலின் வெளிப்பக்கம் காகிதம்போல் தேய்ந்திருந்தது. வார் அறுந்து, அடியில் கம்பித் துண்டால் முடிந்திருந்தது. ஓரத்தில் பால் ஒட்டி, காய்ந்து கறுத்திருந்தது. நடுவில் வைத்துவிட்டு, "இது யாருடையது?" என்று கேட்டேன்.

"தெரியாது டீச்சர்."

சும்மா இருந்தேன். ஆசிரியர்களுக்குச் சும்மா இருப்பது மிகக் கஷ்டமான வேலை. இருபது வருஷப் பழக்கத்தில் பதிலை நாமே சொல்லிவிடுவோம். ஐந்து நிமிஷம் போயிருக்கும். இரண்டாம் படிவத்துப் பெண் ஒருத்தி சிலிப்பரை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "ஒரு பக்கம்தான் தேய்ஞ்சிருக்கு. இவர் இடது தோளிலே கனம் தூக்குகிறவர்" என்றாள். "இல்லை, ஒரு கால் குட்டையாக இருந்தாலும் இப்படித் தேயும்" என்றான் ஒருவன். "புதுசு வாங்கக் காசில்லாதவர்" என்றாள் இன்னொருத்தி. "காசிருந்தும் தூக்கிப் போட மனசு வராதவராக இருக்கலாம். எங்கள் தாத்தா அப்படித்தான்" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வந்தது. எல்லாருக்கும் நான் கேட்டது ஒரே கேள்விதான்: "எதை வைத்துச் சொல்கிறாய்?"

அப்புறம் ஒரு பையனை நாற்காலியில் உட்கார வைத்தேன். அவன்தான் செருப்புக்குச் சொந்தக்காரர். மற்றவர்கள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். அவர் பதில் சொல்லியாக வேண்டும். பெயர், வயது, எத்தனை மணிக்கு எழுந்திருப்பார், இன்னொரு செருப்பு எங்கே என்று கேள்விகள் பறந்தன. தமக்கு மூன்று பிள்ளைகள் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "என் நாலாவது பிள்ளைதான் சின்னவள்" என்று வாய் தவறிவிட்டது. "மூணுன்னு சொன்னீங்களே ஐயா!" என்று ஐந்தாறு பேர் ஒன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். பையன் விழித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "மூத்த பிள்ளை தவறிப்போச்சு. அதான் எண்ணிக்கையிலே சேர்க்கறதில்லை."

மண்டபம் கப்சிப் ஆகிவிட்டது.

அவன் வகுப்பில் கடைசி மாணவர்களில் ஒருவன். முன்னுக்குப் பின் முரணான இரண்டு செய்திகளை எடுத்துக்கொண்டு, இரண்டுமே உண்மையாக இருக்கக்கூடிய ஒரு காரணத்தைக் கண நேரத்தில் கண்டுபிடித்துவிட்டான். இதற்குப் பெயர் சிந்தனை இல்லையென்றால் எதற்குப் பெயர் சிந்தனை?

2013 முதல் 2025 வரைக்குமான மலேசியக் கல்வி மேம்பாட்டுத் திட்டம் வந்ததிலிருந்து 'உயர்நிலைச் சிந்தனைத் திறன்' என்ற சொல் நம் பள்ளிக்கூடங்களில் அடிபடுகிறது. இதன் வேர் 1956இல் அமெரிக்காவில் பெஞ்சமின் புளூம் என்பவரும் அவருடைய சகாக்களும் வகுத்த படிநிலை. 2001இல் அதைத் திருத்தி அமைத்தார்கள். நினைவுகூர்தல், புரிதல் ஆகிய இரண்டும் கீழ்ப்படிகள். பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், உருவாக்குதல் ஆகிய நான்கும் மேற்படிகள். நல்ல விஷயம்தான். ஆனால் நம்மவர்கள் அந்தப் பட்டியலையே மனப்பாடம் செய்ய வைத்துவிட்டார்கள்! சிந்தனை வரைபடங்கள் என்று எட்டு வகை வந்தன. வட்டம் போடு, குமிழி போடு, கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து உள்ளே எழுது. பிள்ளை அழகாக வட்டம் போடக் கற்றுக்கொண்டது. சிந்தித்ததா?

நான் செய்வது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. இங்கிலாந்தில் டோரத்தி ஹீத்கோட் என்று ஓர் அம்மையார் இருந்தார். 1926இல் யார்க்‌ஷயர் பகுதியில் பிறந்தவர். பதினான்கு வயதிலேயே நெசவாலையில் தறி ஓட்டப் போய்விட்டார். நம் தோட்டத்துப் பாட்டிமார் பத்து, பன்னிரண்டு வயதில் வாளி தூக்கிப் போனார்களே, அந்தக் கதைதான். நாடகப் பள்ளியில் சேர ஆசைப்பட்டபோது ஆலை முதலாளியே பயிற்சிக்குப் பணம் கட்டினார். சரிவராவிட்டால் திரும்பி வா, உன் தறிகள் இங்கேயே இருக்கும் என்றாராம். அவரைப் பற்றி பி.பி.சி. 1971இல் எடுத்த படத்துக்கு 'மூன்று தறிகள் காத்திருக்கின்றன' என்றே பெயர் வைத்தார்கள். அவர் திரும்பிப் போகவில்லை. நியூகாசல் பல்கலைக்கழகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 2011இல் காலமானார்.

அவர் காட்டிய வழி இதுதான். ஆசிரியரும் ஒரு பாத்திரமாகிப் பிள்ளைகள் நடுவே வந்துவிட வேண்டும். அதுவும் எல்லாம் தெரிந்தவராக அல்ல, உதவி கேட்டு வந்தவராக. பிள்ளைகள்தான் அந்த விஷயத்தில் நிபுணர்கள். நிபுணர் என்று ஒருவர் நம்பி வந்துவிட்டால், அந்த நம்பிக்கைக்கு ஏற்றபடி நடந்துகொள்ளப் பிள்ளை தானாகவே தேடிப் படிக்கும்.

நானும் செய்து பார்த்தேன். ஒரு சனிக்கிழமை கையில் கோப்புடன் மண்டபத்துக்குள் நுழைந்து, "வணக்கம். நான் செம்பனை எண்ணெய் ஆலையிலிருந்து வருகிறேன். ஆற்றில் மீன்கள் செத்து மிதக்கின்றன. எங்கள் ஆலைதான் காரணம் என்கிறார்கள். நீங்கள் எல்லாரும் நதிநீர் நிபுணர்களாமே, எங்களுக்கு வழி சொல்ல வேண்டும்" என்றேன். முதலில் சிரிப்பு. நான் சிரிக்காமல் நின்றதும், சுவரில் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "உட்காருங்கள் அம்மா" என்றான். என்னைத்தான்!

ஒருவன் ஆலை நிர்வாகி, ஒருத்தி அரசாங்க அதிகாரி, இருவர் ஆற்றில் மீன் பிடிக்கிறவர்கள், ஒருத்தி ஆலைத் தொழிலாளியின் மனைவி என்று பிரித்துக்கொண்டார்கள். "ஆலை விஷத்தைக் கலக்கிறது" என்று மீனவர்கள் ஆரம்பித்தார்கள். நான்காம் படிவத்தில் அறிவியல் படிக்கிற பெண் மறுத்தாள். அந்தக் கழிவில் பெரும்பாலும் தண்ணீரும் எண்ணெயும் பழச் சக்கையும்தான். அதைத் தின்ன வரும் நுண்ணுயிர்கள் ஆற்றிலுள்ள பிராணவாயுவை இழுத்துக்கொள்கின்றன. மீன் மூச்சு முட்டிச் சாகிறது என்றாள். பாடப்புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் அவள் அதைத் தன் வகுப்பில் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

நிர்வாகியாக இருந்தவன் விடவில்லை. "நாளைக்கே சுத்தம் செய் என்றால் ஆலையை மூடுவேன். இருநூறு பேருக்கு வேலை போகும். பரவாயில்லையா?" என்று கேட்டான். தொழிலாளியின் மனைவி மீனவர் பக்கம் நின்றவள், சட்டென்று நிர்வாகி பக்கம் வந்துவிட்டாள். கூச்சல். அரைமணி நேரம் நான் வாய் திறக்கவில்லை. கடைசியில் அதிகாரியாக இருந்த பெண் எழுந்து, "ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. முதல் வருஷம் இவ்வளவு, அடுத்த வருஷம் இன்னும் குறைவு என்று படிப்படியாகக் குறைக்க வேண்டும். செய்யாவிட்டால் அபராதம்" என்று தீர்ப்புச் சொன்னாள்.

அப்போதுதான் கோப்பைத் திறந்தேன். நம் நாட்டில் 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1977இல் எண்ணெய் ஆலைகளுக்கென்று விதிமுறைகள் வந்தன. ஆலைக் கழிவு ஆற்றின் பிராணவாயுவை எவ்வளவு உறிஞ்சும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. சுத்தம் செய்யாத கழிவில் அது லிட்டருக்கு ஏறக்குறைய 25,000 மில்லிகிராம். 1978இல் 5,000க்கு மேல் போகக் கூடாது என்றார்கள். பிறகு வருஷத்துக்கு வருஷம் குறைத்து 1984இல் 100க்குக் கொண்டு வந்தார்கள். ஆலைகள் குளம் குளமாக வெட்டிக் கழிவைத் தேக்கிச் சுத்தம் செய்யக் கற்றுக்கொண்டன. "நீ சொன்னதைத்தான் அவர்களும் செய்தார்கள்" என்றேன். அந்தப் பெண்ணின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மொழிச் சிக்கலுக்கும் இதில் ஒரு வழி கிடைத்தது. அதிகாரி அலுவலகத்தில் மலாயில்தானே பேசுவார் என்று ஒருவன் எடுத்துக் கொடுக்க, அடுத்த வாரம் அந்தக் காட்சியையே மலாயில் செய்தார்கள். பள்ளியில் பேசப் பயந்த பிள்ளை, அதிகாரியாகத் தயங்காமல் பேசியது. இலக்கணப் பிழைகள் இருந்தன. இருக்கட்டுமே!

இனி என் தவற்றையும் எழுத வேண்டும். எல்லாம் நன்றாக நடக்கிறது என்ற மிதப்பில் ஒரு சனிக்கிழமை, 'சம்பள நாள் இரவு' என்று ஒரு காட்சி கொடுத்தேன். அப்பாவாக நடிக்க முதலாம் படிவத்துப் பையன் ஒருவன் தானாக எழுந்தான். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே தள்ளாடி வந்தான். மேசை மேல் வெள்ளியை விட்டெறிவதுபோல் எறிந்தான். குரலைக் கூட மாற்றிக்கொண்டான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "அப்படியே இவங்க அப்பா மாதிரி, டீச்சர்!" என்று ஒருத்தி கத்தினாள். பையன் நின்றான். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அடுத்த இரண்டு வாரமும் அவன் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா மைலோ கலக்கிக் கொடுத்து, "என்ன நடந்துச்சுன்னு அவன் சொல்லல, டீச்சர். அன்னையிலேருந்து அவங்க அப்பா மூஞ்சியப் பார்க்க மாட்டேங்கிறான்" என்றார். திரைத்துணிக்குப் பின்னால் கால்கள் தெரிந்தன. தப்பு டீச்சருடையது, உன்னுடையது இல்லை என்று அந்தத் திரைத்துணியைப் பார்த்துத்தான் சொன்னேன். பதில் வர வெகுநேரம் ஆயிற்று.

"நான் நடிக்கல, டீச்சர்."

அன்று இரவு எனக்கு அரிச்சந்திரன் நினைவு வந்தது. பைப்படியில் அவர் கழுவிய மயானத்தைத்தான் நான் இந்தப் பிள்ளையின் தலையில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். பிரேசில் நாட்டு அகஸ்டோ போவால் என்பவர், மக்கள் தங்கள் சொந்தத் துன்பத்தையே மேடையில் நடிக்க வேண்டும், பார்க்கிறவர் "நிறுத்து" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்து கதையை மாற்ற வேண்டும் என்று செய்து காட்டினார். 1973இல் பெரு நாட்டில் எழுத்தறிவு இயக்கத்தில் வேலை செய்தபோது உருவான முறை அது. வளர்ந்தவர்களுக்கு அது சரி. பதின்மூன்று, பதினான்கு வயதுக்குச் சொந்த வீட்டுக் கதை ஆகாது என்பது என் அபிப்பிராயம். இதில் யார் என்ன சொன்னாலும் நான் கேட்பதாக இல்லை. இப்போது எங்கள் கதைகளெல்லாம் வேறு ஊரில், வேறு மனிதர்களுக்கு நடக்கின்றன. முடிந்ததும் எல்லாரும் வரிசையாகப் பைப்படிக்குப் போய் முகம் கழுவ வேண்டும், நானும்தான். கழுவிய பிறகு ஒருவரும் பாத்திரத்தின் பெயரைச் சொல்லி இன்னொருவரைக் கூப்பிடக் கூடாது.

பையன் மூன்றாவது வாரம் வந்தான். நடிக்க மாட்டேன் என்றான். சரி, போவாலின் 'நிறுத்து' உன்னுடையது என்று ஒரு விசிலைக் கொடுத்தேன். கதை தப்பாகப் போகிறது என்று தோன்றினால் ஊதலாம்; காரணம் சொல்ல வேண்டும். அவன் ஊதுகிற இடங்கள்தாம் ஆச்சரியம். ஒரு லோரி ஓட்டுநரும் பாதுகாவலரும் வாசலில் சண்டை போடுகிற காட்சி. எல்லாரும் யார் மேல் குற்றம் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். இவன் விசில் ஊதி, "அந்த டிரைவர் சாப்பிட்டாரா?" என்று கேட்டான். "பசியிலே பேசறவங்க வேற மாதிரி பேசுவாங்க, டீச்சர்." காட்சியை முதலிலிருந்து செய்தார்கள். சண்டை வரவே இல்லை.

இனி அந்தத் தாயாரின் கேள்விக்கு வருகிறேன். பரீட்சைக்கு இது உதவுமா? எஸ்.பி.எம். தேர்வில் 2013 முதல் வரலாற்றுப் பாடத்தில் தேர்ச்சி கட்டாயம். அதனால் ஐந்தாம் படிவத்து இருவருக்காக 1511ஆம் ஆண்டின் மலாக்காத் துறைமுகத்தை மண்டபத்துக்குக் கொண்டு வந்தோம். போர்த்துகீசியக் கப்பல்கள் வந்து நிற்கின்றன, நீங்கள் தமிழ் வணிகர், என்ன செய்வீர்கள்? சுல்தானோடு நிற்பதா, வந்தவனோடு போவதா? நயினா சத்து என்ற இந்து வணிகர் போர்த்துகீசியருக்கு உதவினார். நகரம் விழுந்த பிறகு அவரைத் தம் பக்கத்து மக்களுக்குப் பெண்டஹாராவாக ஆக்கினார்கள். அவர் துரோகியா, தம் மக்களைக் காத்தவரா என்று இரண்டு சனிக்கிழமை சண்டை நடந்தது. இருவரில் ஒருத்திக்கு வரலாற்றில் மதிப்பெண் நன்றாக ஏறியது. இன்னொருவனுக்கு இருந்த இடத்திலேயே நின்றது. நடிப்பினால்தான் ஏறியது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தப் பையன் இப்போது வகுப்பில் கையைத் தூக்குகிறானாம். கல்யாண வீட்டில் பார்த்த அதே ஆசிரியை, "உங்கள் பிள்ளைகள் முன்பு மாதிரி இல்லை, கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்கள்" என்று குறைப்பட்டுக்கொண்டார். நான் மறுபடியும் பெருமையாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது எதிரே நிற்கிறவரைக் காட்டி, "அவர் எங்கே போகிறார் என்று நினைக்கிறாய்? எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். சரியா தப்பா என்று சொல்லிவிடாதீர்கள். உங்களுக்கும் தெரியாதல்லவா? கணக்குக்கு டியூஷன் வேண்டியதுதான். அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

முடிந்தால் மகனை ஒரு சனிக்கிழமை அனுப்பி வையுங்கள். நாலு மணிக்கு மண்டபம் திறந்திருக்கும். எங்கள் சிலிப்பரை யாரோ குப்பை என்று நினைத்துக் கூட்டித் தள்ளிவிட்டார்கள். வரும்போது வீட்டில் கிடக்கிற பழைய பொருள் ஏதாவது ஒன்றைக் கொண்டு வரச் சொல்லுங்கள். யாருடையது என்பதை மட்டும் எங்களிடம் சொல்லிவிட வேண்டாம்.